பழைய டீசல் வேன் வாங்கும்போது ‘பேக் கம்ப்ரஷன்’ பார்க்கச் சொல்கிறார்களே, அது என்ன?

எஞ்சினுக்குள் எரியும் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் பகுதிக்குக் கசிவதைத்தான் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்கிறார்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளோ சிலிண்டர் சுவரோ தேய்ந்தால் இது வரும்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். வாஷர் தேய்ந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் காற்று பின்பக்கமே போகும். டீசல் எஞ்சினுக்கு இது பெரிய அடி. அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. அழுத்தம் கசிந்தால் சூடும் குறையும். மார்கழிக் காலையில் ஓசூர்ப் பக்கம் வண்டி எளிதில் ஸ்டார்ட் ஆகாது. சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது லோடு இழுக்காது, ஆயிலும் குறையும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே துளைமேல் வையுங்கள். முகத்தைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள், ஆயில் தெறிக்கும். மூடி துள்ளி விழுந்து, புகை விட்டுவிட்டு வேகமாக வந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுவேன். கிருஷ்ணகிரி மாங்காய் சீசனில் அவசரப்பட்டு வண்டி எடுப்பவர்கள் இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது.

லேசான ஆவி வந்தாலே எஞ்சின் போய்விட்டது என்பது தவறு. நல்ல எஞ்சினிலும் கொஞ்சம் வரும், சில நேரம் அந்த ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் அதிகமாக வரும்.