அஞ்சல் சலுகைப் பதிவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் மாத இதழுக்குப் பத்திரிகைப் பதிவாளரிடம் எண் வாங்கியாகிவிட்டது. ஆயினும் அஞ்சலகத்தில் முழுக் கட்டணம் கேட்கிறார்கள். இது சட்டவிரோதம் அல்லவா? (சேலம் வாசகர்)

பதில்: அல்ல. பதிவாளர் தரும் எண் இதழ் நடத்துவதற்கு; சலுகைக் கட்டணத்துக்கு அஞ்சல் துறையிடம் தனியே விண்ணப்பித்து வேறோர் எண் பெற வேண்டும். அதுவும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், காலாவதிக்குச் சில மாதங்கள் முன்பே புதுப்பிக்க மனுக் கொடுங்கள்.

கேள்வி: இருமாத இதழுக்குச் சலுகை உண்டா? 1898 இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். (நாகர்கோவில் வாசகர்)

பதில்: கிடைக்காது. நீங்கள் மேற்கோள் காட்டும் அதே பிரிவுதான் இதழ்களுக்கிடையே 31 நாளுக்கு மேற்பட்ட இடைவெளி கூடாது என்று சொன்னது. அதைப் படிக்காமலே விண்ணப்பம் எழுதியிருக்கிறீர்கள். போதாக்குறைக்கு அந்தச் சட்டமே 2024 ஜூனில் நீங்கி, 2023-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது. விண்ணப்பிக்கும் நாளில் எந்த ஒழுங்குமுறை நடப்பில் இருக்கிறதோ அதை வாங்கிப் படித்துவிட்டுப் பேனாவை எடுங்கள் என்று இப்பகுதியில் எத்தனை முறைதான் சொல்வது?

கேள்வி: மாதம் ஒரு முழு நாவல் வெளியிடுகிறோம். இதழ் எண், தேதி, சந்தா எல்லாம் உண்டு. இதைப் புத்தகம் என்று மறுக்க முடியுமா? (திருச்சி வாசகர்)

பதில்: முடியும். அமெரிக்காவில் இது நூறாண்டுக்கு முன்பே வழக்காகிவிட்டது. இலக்கிய நூல் வரிசை ஒன்றை எண்ணிட்டுத் தவணை முறையில் வெளியிட்ட ஹாட்டன் மிஃப்ளின் நிறுவனத்தின் வழக்கில் 1904-இலும், வாரம் ஒரு முழுக்கதை வெளியிட்டவர்களின் வழக்கில் 1912-இலும் அந்நாட்டு உச்சநீதிமன்றம், தன்னளவில் முழுமை பெற்ற படைப்பு எண்ணிட்டு வருவதாலேயே பருவ இதழ் ஆகிவிடாது என்று தீர்ப்பளித்தது. நம் பழைய சட்டமும் செய்தியோ, அது தொடர்பான கட்டுரையோ, பிற நடப்புப் பொருளோ பெரும்பகுதியாக இருக்க வேண்டும் என்றே கேட்டது. நாவலின் கடைசியில் இரண்டு பக்கம் வாசகர் கடிதம் சேர்ப்பதால் அது பெரும்பகுதி ஆகாது.

கேள்வி: எங்கள் இதழின் அட்டைப்படமும் கேலிச்சித்திரங்களும் "தரக்குறைவானவை" என்று சொல்லி, பதிவைப் புதுப்பிக்க மாட்டோம் என்கிறார் ஓர் அதிகாரி. சலுகைதானே, தருவதும் மறுப்பதும் எங்கள் விருப்பம் என்கிறார். வழக்குத் தொடுக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: "சலுகைதானே" என்ற இந்த வாதத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சலுகை என்றாலும் அதைத் தருவதற்குச் சட்டம் ஓர் அளவுகோல் வகுத்திருக்கிறது. அந்த அளவுகோலில் அதிகாரியின் ரசனைக்கு இடமில்லை.

இதற்கென்றே ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. அமெரிக்காவின் எஸ்குவயர் மாத இதழ் அழகியரின் ஓவியங்களையும் குறும்பான கேலிச்சித்திரங்களையும் வெளியிட்டுவந்தது. துறை நியமித்த மூவர் குழுவில் இருவர் இதழின் பக்கம் நின்றும்கூட, அந்நாட்டு அஞ்சல் துறையின் தலைவரான போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஃபிராங்க் வாக்கர் 1943 டிசம்பர் இறுதியில் அதன் இரண்டாம் வகுப்பு அஞ்சல் சலுகையை, அதாவது இதழ்களுக்கான குறைந்த கட்டணத்தை, பறித்தார். இதழ் ஆபாசமானது என்பதல்ல அவருடைய ஆணை. பொதுநலத்துக்குச் சிறப்பாக எதையும் அளிக்கவில்லை என்பதே காரணம். சலுகை போனால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலர் கூடுதல் செலவு. கீழ்நீதிமன்றம் வாக்கரை ஆதரித்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆதரிக்கவில்லை. 1946 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் இதழின் பக்கம் தீர்ப்பளித்தது. எது நல்ல இலக்கியம், எதனால் மக்களுக்குப் பயன் என்று எடைபோடும் அதிகாரத்தை, அச்சலுகையை வகுத்த 1879-ஆம் ஆண்டுச் சட்டம் அஞ்சல் தலைவருக்குத் தரவில்லை என்று நீதிபதி டக்ளஸ் எழுதினார். இதே நீதிமன்றம் 1921-இல், முதல் உலகப் போரை எதிர்த்த மில்வாக்கி லீடர் நாளிதழின் சலுகைப் பறிப்பைச் சரியென்று சொல்லியிருந்தது என்பதையும், அன்று நீதிபதிகள் பிராண்டைஸும் ஹோம்ஸும் எழுதிய மாறுபட்ட தீர்ப்புகளே காலத்தால் வென்றன என்பதையும் உங்கள் வழக்கறிஞர் அறிந்திருப்பது நல்லது.

அமெரிக்கத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் இதழின் விற்பனைப் பரவலும் பேச்சுரிமையின் பகுதியே என்பதை நம் உச்சநீதிமன்றம் 1961-இல் சகால் நாளிதழ் வழக்கிலேயே சொல்லிவிட்டது. அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் உயர்நீதிமன்றம் செல்ல அந்த அடிப்படை போதும். அதற்குமுன் ஒரு வேலை இருக்கிறது: மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், காரணத்தோடு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னதை எதிர்த்து நீதிமன்றப் படியேறினால், அப்படி ஓர் ஆணையே இல்லை என்று துறை தப்பித்துக்கொள்ளும்.

கேள்வி: அச்சகத் தகராறால் ஒரு மாதம் இதழ் வரவில்லை. பதிவு போய்விடுமா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: தானாகப் போகாது, ஆனால் ரத்து செய்யும் வாய்ப்பைத் துறையின் கையில் கொடுத்திருக்கிறீர்கள். 1917-இல் நியூயார்க்கின் தி மாசஸ் இதழுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அதன் ஆகஸ்ட் இதழை அஞ்சலில் ஏற்க மறுத்த அஞ்சல் துறையினர், பின்னர் அந்த இதழ் அஞ்சலில் செல்லாததால் தொடர்ச்சி அறுந்துவிட்டது, ஆகவே இது பருவ இதழே அல்ல என்று சொல்லிச் சலுகையையும் நீக்கினார்கள். தடுத்தவர்களே தடைபட்டதைக் காரணம் காட்டிய அந்தச் சாமர்த்தியத்துக்கு ஈடு கிடையாது. உங்கள் வழக்கில் தவறு துறையுடையதல்ல என்பதால், விடுபட்ட மாதத்தையும் காரணத்தையும் உடனே கடிதமாகத் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்குங்கள்.

கேள்வி: நகைக்கடை விளம்பரத் தாளை இதழுக்குள் மடித்து அனுப்பினோம். கூடுதல் கட்டணம் விதித்தார்கள். (மதுரை வாசகர்)

பதில்: விதிக்காமல் என்ன செய்வார்கள்? இணைப்பு என்றால் இதழின் பெயரும் தேதியும் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் இருக்க வேண்டும், உள்ளடக்கமும் இதழைப் போன்றதாக இருக்க வேண்டும் என்பது 1898-இலிருந்தே உள்ள நிபந்தனை. கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பதிவை ரத்து செய்துவிட்டார்கள். மிக அவசரம். வெல்வோமா? (ஊர் குறிப்பிடாத வாசகர்)

பதில்: ஆணையின் நகல் இல்லை, தேதி இல்லை, காரணம் இல்லை, சந்தாதாரர் எத்தனை பேர் என்ற விவரமும் இல்லை. இந்நான்கையும் அனுப்பினால் அடுத்த முறை பதில் சொல்கிறேன்.