கடைசி சைக்கிளில் பம்ப்

அன்புள்ள அண்ணா,

2022-இல் நீங்கள் நண்பர்களோடு ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளில் வந்ததைப் பற்றி எழுதிய குறிப்புகளைப் படித்தேன். நாங்கள் நான்கு பேர், கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள், திருநெல்வேலிக்காரர்கள். வரும் டிசம்பர் 15 அன்று கன்னியாகுமரியில் கிளம்பி 30 நாளில் காஷ்மீர் போய்ச் சேரலாம் என்று திட்டம். ஒரு நாளைக்கு 125 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். இரண்டு பேரிடம் கியர் சைக்கிள் இருக்கிறது. மற்ற இருவரும் இனிமேல்தான் வாங்க வேண்டும். எப்படிப்பட்டது வாங்கலாம்?

ஆனால் நான் எழுதுவதற்கு முக்கியமான காரணம் வேறு. போன வருடம் நால்வரும் தனுஷ்கோடிக்குச் சைக்கிளில் போனோம். இரண்டே நாள் பயணம். ராமநாதபுரம் தாண்டியதும் சண்டை வந்துவிட்டது. முன்னால் போனவர்கள் பின்னால் வந்தவனுக்காக நிற்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஊருக்குத் திரும்பிய பிறகு இரண்டு பேர் நான்கு மாதம் பேசிக்கொள்ளவே இல்லை. இரண்டு நாளுக்கே இப்படி என்றால் ஒரு மாதத்தில் என்ன ஆகும்? பேசாமல் நான் தனியாகவே போய்விடலாமா?

கே.

அன்புள்ள கே,

தனியாகப் போக வேண்டாம், சேர்ந்தே போங்கள். தேதியையும் திசையையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 15-இல் கிளம்பினால் ஜனவரி நடுவில் காஷ்மீரில் இருப்பீர்கள். டிசம்பர் 21-இலிருந்து 40 நாளை அங்கே 'சில்லாய் கலான்' என்கிறார்கள். கடுங்குளிரின் உச்சம் அது. பனி விழுந்து மலைச்சாலையை மூடினால் லாரிகளே நாள்கணக்கில் வரிசையில் நிற்கும். ஆகவே அக்டோபர் முதல் வாரத்தில் ஸ்ரீநகரில் தொடங்கித் தெற்கே வாருங்கள். மழைக்காலம் விடைபெற்ற பிறகு வட இந்தியாவில் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்தும், தக்காணத்தில் வடகிழக்கிலிருந்தும் வீசும். தெற்கே வருபவருக்கு அது முதுகிலோ பக்கவாட்டிலோதான் படும். வடக்கே போகிறவருக்கு நாள் முழுக்க எதிர்க்காற்று. சாமான் ஏற்றிய சைக்கிளில் எதிர்க்காற்று என்பது இறக்கமே இல்லாத மேடு. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த தாளை எரிக்கும் புகை நவம்பரில்தான் மோசமாகும். அதற்கு முன்பே டெல்லியைக் கடந்துவிடலாம். கடைசியில் தமிழ்நாட்டுக்குள் நுழையும்போது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். நாங்கள் ஓசூரிலிருந்து நனைந்துகொண்டேதான் வந்தோம். நம் ஊர் மழைதானே, நனையலாம்.

சைக்கிளை நன்றாகக் கட்டி ரயிலில் பார்சலாகப் போட்டுக் கொண்டுபோகலாம். ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியிலிருந்து கட்ரா வரை போகிறது. நாங்கள் போனபோது அங்கிருந்து சாலை வழியாகத்தான் ஸ்ரீநகருக்குப் போக முடிந்தது. 2025 ஜூனிலிருந்து கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கும் ரயில் ஓடுகிறது.

தேசிய நெடுஞ்சாலை 44 ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். உங்கள் கணக்கில் ஓய்வு நாள் என்று ஒன்றுகூட இல்லை. நாங்கள் 48 நாள் எடுத்துக்கொண்டோம், அதில் ஏழு நாள் ஓய்வு. ஓட்டிய நாளில் சராசரியாக 90 கிலோமீட்டர் வந்தது. பாம்போர் தாண்டி சங்கம் பக்கம் வரும்போது, சாலையோரத்தில் கிரிக்கெட் மட்டைக்கான வில்லோ கட்டைகளைக் கோபுரம் கோபுரமாக அடுக்கிக் காயவைத்திருப்பார்கள். ஆப்பிள் பெட்டி ஏற்றிய லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். 125 கிலோமீட்டர் ஓட்ட வேண்டிய நாளில் அங்கே இறங்கி ஒரு மட்டையைக் கையில் எடுத்துப் பார்க்க மனம் வராது.

அப்புறம், சைக்கிள். விலை உயர்ந்ததை வாங்காதீர்கள். 26 அங்குல சக்கரம் உள்ளதாக வாங்குங்கள், அந்த டியூப் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். 700சி என்கிற மெல்லிய டயருக்கு டியூப் வேண்டுமென்றால் பெரிய நகரத்துக்குத்தான் போக வேண்டும். வால்வையும் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு இருக்கிற மாதிரி வால்வு இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம். ஊசி போன்ற பிரெஸ்டா வால்வுக்குக் கிராமத்துப் பம்ப் பொருந்தாது. அதற்கென்று ஒரு சின்னப் பித்தளை மூடி விற்கிறார்கள், மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் பஞ்சர் ஆவது பெரும்பாலும் ஆணியால் அல்ல. வெடித்துச் சிதறிய லாரி டயரில் இருக்கும் மயிரிழை போன்ற எஃகுக் கம்பி கண்ணுக்கே தெரியாது. டயரின் உட்பக்கம் விரலால் தடவிப் பார்த்து இடுக்கியால் பிடுங்க வேண்டும். அதை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால் பத்தாவது நிமிடம் மறுபடியும் காற்று இறங்கிவிடும். சொல்யூஷன், உப்புத்தாள், ஒட்டுத்துண்டு, இடுக்கி, பம்ப் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

அந்தப் பை யாரிடம் இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் உண்மையான கேள்விக்கான பதில். நாங்கள் அதைத் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர் கிளம்பினோம், எல்லோரும் இருபது வருடப் பழக்கம். ஆக்ரா வரை பிரச்சினையே இல்லை. பஞ்சாபில் இரண்டு இரவு குருத்வாராவில் தங்கி, தரையில் வரிசையாக உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டோம். தோல்பூர் தாண்டிச் சம்பல் பாலத்தில் நின்று, இரு கரையிலும் மழைநீர் அரித்து அரித்து உண்டான மண் பள்ளத்தாக்குகளை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். குவாலியருக்குப் பிறகு எங்களில் ஒருவன் பின்தங்க ஆரம்பித்தான். முதலில் இரண்டு கிலோமீட்டர், பிறகு ஐந்து, பிறகு பத்து. முன்னால் போகும் நாங்கள் ஒரு டீக்கடையில் நிற்போம். டீ குடித்து, காலை நீட்டி, இருபது நிமிடம் பேசிக்கொண்டிருப்போம். அவன் வந்து சேர்ந்ததும் "சரி, கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவோம். எங்களுக்கு இருபது நிமிட ஓய்வு, அவனுக்கு ஒன்றுமே இல்லை. அதிகம் களைத்தவனுக்குத்தான் குறைந்த ஓய்வு. தினமும் ஆறேழு தடவை இதைச் செய்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை.

லலித்பூருக்கும் சாகருக்கும் நடுவே அவனுக்குப் பஞ்சர் ஆனது. கையில் மாற்று டியூப் இருந்தது, ஆனால் பம்ப் முன்னால் போன என்னிடம். போனில் சிக்னல் இல்லை. ஆறு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து ஒரு கிராமத்துக் கடையைப் பிடித்திருக்கிறான். அங்கே இருந்த பம்ப் அவன் வால்வுக்குப் பொருந்தவில்லை. நாங்கள் 28 கிலோமீட்டர் தள்ளி ஒரு தாபாவில் சாப்பிட்டுவிட்டு, அவன் சோம்பலில் எங்கேயோ உட்கார்ந்துவிட்டான் என்று பேசிக்கொண்டிருந்தோம். மாலை நாலரைக்கு ஒரு டிராக்டரில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். காலையில் தின்ற இரண்டு வாழைப்பழத்தோடு சரி. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அந்த நேரம் பார்த்து நான், "உன்னாலதான் தினமும் இருட்டிடுது" என்று சொல்லிவிட்டேன். அவன் சத்தம் போடவில்லை. "நான் உங்ககூட வர்ற அஞ்சாவது ஆள் இல்ல, பின்னால வர்ற சாமான்" என்றான். அதற்குப் பிறகு மூன்று நாள் அவன் எங்களோடு பேசவில்லை. நான் சொன்னது இன்றும் எனக்கு வலிக்கிறது.

அக்டோபர் 24, தீபாவளி. லக்னாதோன் தாண்டிச் சிவனி போகும் வழியில் பாதிக் கடைகள் மூடியிருந்தன. இருட்டும் நேரம் ஒரு தாபா வாசலில் டி.என். 28 எண் போட்ட லாரி நின்றது. நாமக்கல் வண்டி. ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர். வண்டி பக்கத்திலேயே அடுப்பு வைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் தமிழில் பேசியதைக் கேட்டு, "எந்த ஊரு தம்பி? வாங்க, நல்ல நாளும் அதுவுமா ரொட்டி திங்காதீங்க" என்று கூப்பிட்டு, இன்னும் இரண்டு படி அரிசி களைந்து போட்டார். எல்லோரும் தார்ப்பாயில் உட்கார்ந்தோம். நண்பன் கை கழுவிவிட்டு வருவதைப் பார்த்தவர் சட்டென்று கேட்டார்: "ஏன் தம்பி, அவரு காலை இழுத்து இழுத்து நடக்குறாரே?"

பத்து நாளாக அவனோடு சாப்பிட்டு, அவனோடு தூங்கியவர்கள் நாங்கள் நால்வர். எங்கள் கண்ணில் படாதது இரண்டு நிமிடம் பார்த்தவர் கண்ணில் பட்டது. விளக்கு வெளிச்சத்தில் பேண்டை மடித்துப் பார்த்தோம், வலது முழங்கால் வீங்கியிருந்தது. காரணம் சைக்கிளிலேயே இருந்தது. சீட் கம்பி மெல்ல மெல்ல இறங்கி இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது. சீட் தாழ்ந்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி முன்பக்கம் வலிக்கும். அதிகமாக உயர்ந்தால் பின்பக்கம் வலிக்கும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் அளவு. அவனுக்குப் பின்னால் யாராவது ஒரே ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தால் அந்த முழங்கால் மடங்கும் விதம் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் பத்து நாளாக அவன்தான் எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தான். அன்று இரவு நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சோத்தைத் தின்னுடா" என்றான்.

நாக்பூரில் மருத்துவர் மூன்று வாரம் சைக்கிளைத் தொடக்கூடாது என்றார். ஆரஞ்சுக் கூடையோடு அவனை ரயிலேற்றினோம்.

அதற்குப் பிறகுதான் முறை வைத்துக்கொண்டோம். தினமும் ஒருவர் கடைசியாக ஓட்டுவார். பம்பும் பஞ்சர் பையும் அவரிடம். அவருக்குப் பின்னால் எங்களில் யாரும் இருக்கக் கூடாது. முன்னால் போகிறவர் 20 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்க வேண்டும். கடைசி ஆள் வந்து, அவர் டீ குடித்து முடித்து, அவரே "போகலாம்" என்று சொன்ன பிறகுதான் சக்கரம் உருள வேண்டும். சாப்பாட்டை ஒரு மணிக்கு மேல் தள்ளக் கூடாது. ஹைதராபாத், கர்னூல், அனந்தபூர், பெங்களூரு, சேலம் என்று இருபத்தோரு நாள் இப்படி வந்தோம். பெரிய சண்டை ஒன்றும் வரவில்லை. சின்னச் சின்ன முணுமுணுப்பு வந்தது, அது இல்லாத வீடு உண்டா?

உங்கள் ராமநாதபுரம் சண்டையும் இதேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை, நட்பிலும் ஓட்டை இல்லை. வெயில், பசி, முன்னால் போகிறவருக்குப் பின்னால் நடப்பது தெரியாதது, இவ்வளவுதான். கிளம்புவதற்கு முன் நால்வரும் உட்கார்ந்து அந்த நாளைப் பற்றி வாய்விட்டுப் பேசிவிடுங்கள். பேசாமல் ரயிலேறாதீர்கள்.

இன்னொன்றையும் அப்போதே பேசிவிடுங்கள். நடுவில் ஒருவர் திரும்ப வேண்டி வந்தால் அது குற்றம் இல்லை. 1923-இல் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். 1928-இல் சுற்றி முடித்துத் திரும்பியவர்கள் மூன்று பேர்: அதி ஹக்கீம், ஜால் பபசோலா, ருஸ்தம் பம்கரா. ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர், பாலைவனமும் காடும் கடந்து. அந்த மூவரின் சாதனையை நினைக்கும்போதெல்லாம், ஆறு பேராக ஓட்டிய ஆரம்ப நாட்களையும் நான் நினைத்துக்கொள்வேன்.

செலவுக்கு ஒரே பொதுப்பை வையுங்கள், வாரம் ஒருவர் கணக்கு எழுதட்டும். எங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 ரூபாய்க்குள் முடிந்தது. பொழுது சாய்ந்த பிறகு ஓட்டவே ஓட்டாதீர்கள். சாலை ஓரத்தில் எதிர்த்திசையில் வரும் டிராக்டருக்கும் பைக்குக்கும் விளக்கு இருக்காது. ஜம்முவுக்கு முன்னால் வரும் நீண்ட சுரங்கப்பாதைகளில் எங்களைச் சைக்கிளோடு விடவில்லை, சின்ன லாரியில் ஏற்றித்தான் கடந்தோம். அதற்கு ஒரு நாளை ஒதுக்கி வையுங்கள். சிவனி தாண்டியதும் பெஞ்ச் காட்டுப் பகுதியில், புலியும் மானும் கீழே கடந்து போவதற்காகச் சாலையையே தூண் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். அதைக் காலை வெளிச்சத்தில் கடக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நண்பன் திருநெல்வேலியில் எங்களுக்காகக் காத்திருந்தான். சீட்டை உயர்த்தி, டயரை மாற்றியிருந்தான். கன்னியாகுமரி வரை மீதி 80 கிலோமீட்டரையும் அவனை முன்னால் விட்டு, அவன் வேகத்தில் நாங்கள் நால்வரும் பின்னால் ஓட்டினோம்.

சாத்தூரில் நெடுஞ்சாலையிலிருந்து என் வீடு இரண்டு கிலோமீட்டர்தான். மதுரையைத் தாண்டியதும் ஒரு போன் போடுங்கள். நான்கு பேருக்கும் சாப்பாடு இருக்கும், 26 அங்குல டியூப் இரண்டும் எடுத்து வைக்கிறேன்.