ஜிக்சா வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன். இந்த நாட்டுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. வாடகை வீடு. அறையின் மூலையில் ஹீட்டர் குழாய் நிற்கிறது. மேசைப் பலகையை அந்தக் குழாய்க்கு இடம் விட்டு வெட்ட வேண்டும், வயர் போக ஓர் ஓட்டையும் வேண்டும். தச்சரைக் கேட்டால் பலகையின் விலையைவிடக் கூலி அதிகம். ஊரிலிருந்து வரப்போகும் உறவினரிடம் ஒரு ஜிக்சா (பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கிற கை மின்ரம்பம்) கொண்டுவரச் சொல்லலாமா, இங்கேயே வாங்கலாமா? இதுவரை அதைத் தொட்டதே இல்லை, விரல் போய்விடுமோ என்று பயம் வேறு.

வாங்குங்கள். வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு இது தண்டச்செலவு இல்லை. வீடு மாறும்போதெல்லாம் ஒரு அலமாரி சுவரோடு ஒட்டாது, ஒரு பலகை நான்கு விரல் நீளமாக இருக்கும். அதற்கெல்லாம் ஆள் கூப்பிட்டுக் கட்டுப்படியாகாது. வட்டரம்பத்தோடு ஒப்பிட்டால் ஜிக்சா சாதுவான மிஷின். உள்வளைவு, மூலை வெட்டு போன்ற உங்கள் வேலைக்குத் தோதானதும் அதுதான். ஒரே ஒரு வெட்டுத்தான் என்றால் இரவல் வாங்கலாம். சில நகரங்களில் நூலகம் போலவே கருவிகளைக் கடன் தருகிற இடங்களும் உண்டு, விசாரித்துப் பாருங்கள். எங்கே வாங்கினாலும் பிளேடு மட்டும் புதிதாக உங்கள் காசில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவருவது பற்றி. வட அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். இந்தியா, இலங்கை, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் எல்லாம் 230 வோல்ட். 230-க்குச் செய்த மிஷினை 120-இல் சொருகினால் உயிரில்லாமல் ஓடும். 120-க்குச் செய்ததை 230-இல் சொருகினால் மோட்டார் கருகிவிடும். நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம், ஆனால் இவ்வளவு வாட் தாங்குகிற டிரான்ஸ்ஃபார்மரின் கனத்தைத் தூக்கிப் பார்த்தால் ஆசை விட்டுப்போகும். வோல்ட் ஒத்துப்போகிற நாடாக இருந்தாலும் பிளக் வேறு, பழுதானால் வாரன்டி கிடையாது.

பேட்டரி மிஷினாகக் கொண்டுவந்தாலும் விமானத்தில் தகராறு இருக்கிறது. ரம்பம் கைப்பையில் போகக்கூடாது, தனியாக எடுத்துவரும் லித்தியம் பேட்டரியோ கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணி வரை கேள்வி இல்லை, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் பெருக்கினால் 90 வருகிறது, தப்பித்துவிடும். 6 ஆம்பியர்-மணி என்றால் 108, மாட்டிக்கொள்ளும். இந்த வம்பெல்லாம் எதற்கு? இருக்கிற இடத்திலேயே வாங்குங்கள். டிரில் ஏற்கெனவே வைத்திருந்தால் அதே கம்பெனியின், அதே பேட்டரி பொருந்துகிற ஜிக்சாவை, பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல், வெறும் உடலாக வாங்குவது மலிவு. அமெரிக்கக் கடைகளில் '20 வோல்ட் மேக்ஸ்' என்று எழுதியிருப்பதும் மற்ற இடங்களில் '18 வோல்ட்' என்று எழுதியிருப்பதும் ஒன்றுதான். முழுதாகச் சார்ஜ் ஏறியதும் காட்டுகிற அளவு 20, வழக்கமான அளவு 18. அதிக வோல்ட் என்று நினைத்து அதிகக் காசு கொடுக்காதீர்கள்.

சரி, மிஷின் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜிக்சாவில் பாதி வேலை சுவிட்சைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடும். வெட்டு கோணலாகப் போனது, ஓரம் சிதறியது, பிளேடு ஒடிந்தது என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை தவறான பிளேடு, சரியாகப் பிடித்துக் கட்டாத பலகை என்ற இரண்டில் அடங்கிவிடும். கைத்தேர்ச்சி அதற்கு அப்புறம்தான்.

பிளேடைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மிஷினுக்குள் நுழைகிற அடிப்பகுதி 'டி' (T) வடிவமா 'யு' (U) வடிவமா என்று முதலில் பாருங்கள். இன்று விற்கிற மிஷின்களில் பெரும்பாலும் 'டி'தான். பழைய மிஷினை இரவல் வாங்கினால் மட்டும் 'யு' வரலாம், ஒன்றில் மற்றது பிடிக்காது. அடுத்து பல். பெரிய பல் வேகமாக அறுக்கும், ஓரத்தைப் பிய்க்கும். சின்னப் பல் மெதுவாக அறுக்கும், ஓரம் சுத்தமாக இருக்கும். பிளேடின் மேல் 'டி101பி' (T101B), 'டி144டி' (T144D) என்று ஏதோ அச்சடித்திருக்கும். போஷ் கம்பெனியின் இந்த எண்முறையைப் பல கம்பெனிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. எண்ணுக்கு அடுத்த எழுத்து 'ஏ' (A) என்றால் நுண்ணிய பல், 'டி' (D) என்றால் முரட்டுப் பல். அதற்குப் பின்னால் 'ஓ' வந்தால் வளைவு வெட்டுவதற்கான ஒடுங்கிய பிளேடு, 'ஆர்' வந்தால் பல் தலைகீழாக இருக்கிறது என்று பொருள்.

உங்கள் மேசைப் பலகை மேலே லாமினேட் ஒட்டிய துகள்பலகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு டி101பி போதும். இரண்டரை மில்லிமீட்டருக்கு ஒரு பல், அங்குலக் கணக்கில் பத்துப் பல். டி144டி-யை வைத்துவிடாதீர்கள், அது கட்டை மரத்தை வேகமாக அறுக்க. உலோகத் தகடு வெட்டுகிற நாள் வந்தால் டி118ஏ போன்றது வேண்டும். மரத்துக்கான பிளேடால் தகடு வெட்டப் போனால் பல் மாட்டி, தகடு தடதடவென்று குதிக்கும். அக்ரிலிக் வெட்டினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெட்டிய இடமே உருகிப் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும்.

சாதாரண ஜிக்சா பிளேடின் பல் மேல்நோக்கி இருக்கும். மேலே ஏறும்போதுதான் அறுக்கும், அதனால் மிஷின் இருக்கிற பக்கத்து ஓரம்தான் சிதறும். ஆகவே நல்ல முகத்தைக் கீழே கவிழ்த்து, பலகையின் அடிப்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: பலகையைக் கவிழ்த்தால் இடமும் வலமும் மாறிவிடும். குழாய் இடது மூலையில் இருந்தால் குறி வலது மூலையில் விழ வேண்டும். குழம்பாமல் இருக்க, முதலில் ஓர் அட்டையை வெட்டிக் குழாயோடு ஒட்டிவைத்துச் சரிபார்த்துவிட்டு, மேல்முகத்தில் 'மேல்' என்று எழுதிக்கொள்ளுங்கள். பலகையைக் கவிழ்க்கும்போது அட்டையையும் கவிழ்த்து வரைந்தால் போதும். கவிழ்க்கவே முடியாத இடம் என்றால் தலைகீழ்ப் பல் வைத்த டி101பிஆர் இருக்கிறது. ஆனால் அது மிஷினை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், அழுத்திப் பிடிக்க வேண்டும். முதன்முதலில் வெட்டுகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு (வயர் மிஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு) பிளேடை மாட்டுங்கள். பல் முன்பக்கம் பார்க்கட்டும். மாட்டியதும் கீழ்நோக்கி ஒருமுறை இழுத்துப் பார்த்து, பிடித்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். பிளேடின் முதுகு கீழே உள்ள சின்ன உருளையின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிளேடு பின்னால் வளையாமல் தாங்குவது அந்த உருளைதான். அடித்தட்டைச் சாய்க்க முடியும் என்பதால், டப்பாவிலிருந்து வந்தபடியே நேராக இருக்கும் என்று நம்ப வேண்டாம். மூலைமட்டத்தை வைத்துப் பிளேடுக்கும் தட்டுக்கும் 90 பாகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தட்டின் திருகை முறுக்குங்கள்.

பக்கவாட்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு நெம்புகோல் இருக்கும். அது வேகம் இல்லை. எண் கூடக்கூடப் பிளேடு மேலே ஏறும்போது முன்னாலும் தள்ளி அறுக்கும். நீளமான மரத்தை விரைவாக அறுக்க 2, 3 சரி. லாமினேட், வளைவு, உலோகம் எல்லாவற்றுக்கும் 0. உங்களுக்கு 0.

இப்போது பலகை. வெட்டுகிற கோட்டுக்குப் பக்கத்திலேயே தாங்கல் இருக்க வேண்டும், ஆனால் கோட்டுக்கு அடியில் எதுவும் இருக்கக்கூடாது. பிளேடு பலகைக்குக் கீழே பல சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு ஏறி இறங்கும். பலகையை அசையாமல் இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் இரண்டாவது போடுங்கள். ஒரு கையால் பலகையைப் பிடித்து மறு கையால் வெட்டும் பழக்கம் வேண்டாம். விரல் பற்றிய உங்கள் பயத்துக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. ஜிக்சாவில் கை அடிபடுவது பெரும்பாலும் பலகைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில். கீழே கையை விட்டு வெட்டுத்துண்டைத் தாங்க வேண்டும் என்ற எண்ணமே வரக்கூடாது. இரண்டு கையும் மேலே இருந்தால் விரலுக்கு ஆபத்து மிகக் குறைவு.

பேட்டரியை மாட்டுவதற்கு (அல்லது பிளக்கைச் சொருகுவதற்கு) முன் சுவிட்ச் 'ஆன்' நிலையில் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பூட்டியிருந்தால் மாட்டிய நொடியில் மிஷின் குதிக்கும். கண்ணாடி, காதடைப்பு, தூசி முகக்கவசம் மூன்றும் போடுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஐயத்துக்கு இடமில்லாத முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தூள் நுண்ணியது, அறைக்குள் நெடுநேரம் மிதக்கும். மிஷினின் பின்பக்கக் குழாயில் வாக்குவம் கிளீனரை மாட்ட முடிந்தால் மாட்டுங்கள். தொங்குகிற கழுத்துத் துணி, தொளதொள கை எதுவும் வேண்டாம்.

முதலில் ஒரு வேண்டாத துண்டில் வெட்டிப் பழகுங்கள். உங்கள் பலகையில், வெட்டு திரும்புகிற உள்மூலையில் 10 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று டிரில்லில் போட்டுக்கொண்டு, இரண்டு ஓரத்திலிருந்தும் அந்த ஓட்டையை நோக்கி வெட்டுங்கள். கூர்மூலையில் பிளேடைத் திருப்பப் போராட வேண்டியதில்லை. அடித்தட்டின் முன்பகுதி பலகையில் படிந்திருக்க, பிளேடு பலகையைத் தொடாமல் இருக்க, அப்போது சுவிட்சை அழுத்துங்கள். வேகம் எடுத்ததும் மெல்ல உள்ளே விடுங்கள். தள்ளாதீர்கள். தள்ளினால் பிளேடு கீழே வளைந்து, மேலே கோட்டிலும் அடியில் கோட்டை விட்டு விலகியும் போகும், ஓரம் சாய்வாக வரும். தடித்த மரத்தில் ஜிக்சாவின் பெரிய பலவீனம் இது. மிஷின் அதிர்ந்தால் மேலே தூக்காமல் தட்டைப் பலகையோடு அழுத்துங்கள். பிளேடு சிக்கிக்கொண்டால் முதலில் சுவிட்சை விடுங்கள், பிடுங்குவது பிறகு. வெட்டி முடித்ததும் பிளேடு முழுதாக நின்ற பிறகே கீழே வையுங்கள். உடனே பிளேடைத் தொட்டால் சுடும், நன்றாகவே சுடும்.

வயர் ஓட்டைக்கு ஜிக்சாவே வேண்டாம். டிரில்லில் மாட்டுகிற கிண்ணம் போன்ற ரம்பம், ஹோல் சா என்பார்கள், அதுதான் வட்டமாக வெட்டும். ஜிக்சாவால் வெட்டினால் உருளைக்கிழங்கு வடிவத்தில் வரும்.

வாடகை வீடு என்றதால் இரண்டு விஷயம். சுவரோரப் பட்டை, ஜன்னல் பலகை என்று வீட்டுக்காரருக்குச் சொந்தமான எதையும் வெட்டாதீர்கள், முன்பணத்தில் கழித்துவிடுவார்கள். பழைய வீட்டின் பெயின்ட் அடித்த மரத்தில் ஈயம் இருக்கலாம், அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-இல்தான். அப்புறம் சத்தம். ஜிக்சாவின் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். கட்டட விதிகளில் அமைதி நேரம் எழுதியிருக்கும், படித்துவிட்டுத் தொடங்குங்கள். பலகையைத் தாங்குகிற மேசையின் கீழே தரையில் பழைய கம்பளம் விரிப்பதும், பக்கத்து வீட்டில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்வதும் நல்லது.

குழாயைச் சுற்றிக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். சூட்டில் குழாய் விரியும், ஒட்டி வெட்டினால் உரசிக் கிறீச்சிடும். துகள்பலகையின் வெட்டிய ஓரம் ஈரம் பட்டால் ஊதிவிடும், வார்னிஷ் பூசுங்கள் அல்லது ஓரப்பட்டை ஒட்டுங்கள். பலகையின் தடிமனையும் குழாயின் விட்டத்தையும் எழுதி அனுப்பினால் பிளேடின் எண்ணைச் சரிபார்த்துச் சொல்கிறேன்.