ரப்பர் விலைச் சரிவு: சுழற்சியா, கட்டமைப்பு மாற்றமா?

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம் பக்கம் ரப்பர் விலை விழும்போது, அது தற்காலிகச் சரிவா, நிரந்தர மாற்றமா என்று எப்படி அறிவது எனக் கேட்டிருக்கிறீர்கள். விலையை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. 2011இல் கிலோ 240 ரூபாயை ஒட்டி நின்ற ஷீட் (பாலை உறையவைத்து உலர்த்திய ரப்பர் தகடு) விலை, 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கி, 2024 ஆகஸ்டில் பழைய உச்சத்தையும் கடந்தது. நட்ட கன்று பால் தர ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஆவதால், நல்ல விலைக் காலத்தில் பலரும் நட்ட மரங்கள் சேர்ந்தே சந்தைக்கு வந்து விலையை அமுக்குகின்றன. சரிவில் நடவு குறைய, பின்னர் தட்டுப்பாடு பிறக்கிறது. இது சுழற்சி. கட்டமைப்பு மாற்றத்தின், அதாவது நிரந்தர மாற்றத்தின், அடையாளம் வேறு: விலை ஏறிய பிறகும் பால்வெட்ட (பட்டையைக் கீறிப் பால் எடுக்க) ஆள் கிடைக்காமல் மரங்கள் சும்மா நிற்பதும், தோட்டம் வீட்டுமனையாவதும். இவற்றை விலை மீட்பு சரிசெய்யாது என்பதே என் கருத்து. நம் மாவட்டத்தில் நெல்வயல்கள் தென்னைக்கும் வாழைக்கும் மாறிய பின் திரும்பவே இல்லை என்பதை நாம் கண்டிருக்கிறோம். மாத விற்பனையை ஒப்பிடும்போது, இலையுதிர் காலமும் மழையும் பால்வெட்டை நிறுத்திவிடுவதால், முந்தைய மாதத்தோடு அல்லாமல் முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.