ஹார்ட் டிஸ்க்கை எத்தனை பார்ட்டிஷனாகப் பிரிப்பது நல்லது?

புது லேப்டாப்பில் 1 டிபி முழுவதும் ஒரே சி டிரைவாக இருக்கிறது, அதைப் படங்கள், வீடியோ, வேலை, சாஃப்ட்வேர் என்று ஐந்தாகப் பிரித்தால் ஃபைல்கள் ஒழுங்காக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாகப் பிரித்தால் போதும். சி-யில் விண்டோஸும் சாஃப்ட்வேர்களும், டி-யில் உங்கள் சொந்த ஃபைல்கள் எல்லாம். வகை பிரிக்கும் வேலையை டி-க்குள் ஃபோல்டர்கள் பார்த்துக்கொள்ளும்.

ஃபோல்டர் தேவைக்கேற்ப வளரும். பார்ட்டிஷனுக்கோ அளவை இன்றே முடிவு செய்தாக வேண்டும். படங்களுக்கு ஒதுக்கிய 150 ஜிபி நிரம்பிவிடும், வீடியோ டிரைவில் பாதி காலியாகக் கிடக்கும். வேறு வழியில்லாமல் படங்களை அங்கே போட ஆரம்பித்ததும் ஒழுங்கு போய்விடும். பக்கத்து டிரைவிலிருந்து இடம் எடுக்கலாமே என்றால், டிரைவ்களைப் பிரிக்கவும் சேர்க்கவும் விண்டோஸில் இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் ஒரு டிரைவுக்கு உடனே வலப்பக்கம் ஒதுக்கப்படாமல் இருக்கும் இடத்தை மட்டும்தான் அதோடு சேர்க்கும். அதற்கு அடுத்த டிரைவையே அழிக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, ஒரே டிரைவுக்குள் 40 ஜிபி ஃபோல்டரை இடம் மாற்றினால் நொடியில் முடியும், ஏனென்றால் மாறுவது முகவரி மட்டும்தான். டிரைவ் விட்டு டிரைவ் போனால் முழுவதும் காப்பி ஆக வேண்டும்.

முன்பு எல்லோரும் நாலைந்தாகப் பிரித்ததற்குக் காரணம் இருந்தது. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் பழைய முறையான ஃபேட்16 காலத்தில் ஒரு பார்ட்டிஷன் பொதுவாக 2 ஜிபி-யைத் தாண்ட முடியாது. இன்றைய விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாகப் பிரிப்பதன் உண்மையான பலன், விண்டோஸை மறுபடி போடும் நாளில் தெரியும். சி-யை மட்டும் அழித்துவிட்டுப் போடலாம், டி அப்படியே இருக்கும். ஆனால் இன்ஸ்டால் செய்யும் திரையில் சி, டி என்ற எழுத்துகளைப் பார்க்க முடியாது, பார்ட்டிஷன் எண்ணும் அளவும்தான் இருக்கும். அதனால் டி-க்கு இப்போதே ஒரு பெயர் வைத்துவிடுங்கள், அந்தப் பெயர் அங்கே தெரியும். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ரீசெட் வசதி வழியாகப் போனால், எல்லா டிரைவிலும் ஃபைல்களை அழிக்கும் தேர்வு ஒன்று அதில் உண்டு. அது ஆஃப்-இல் இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள்.

டி-யை உருவாக்கியதோடு வேலை முடியாது. டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் சி-க்குள்ளேதான் இருக்கும், பலரும் இதைக் கவனிப்பதில்லை. ஒவ்வொன்றிலும் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், அப்புறம் லொகேஷன் போய் டி-க்கு மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் டி-யில் தனி ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்டுங்கள். வெறும் டி டிரைவையே காட்டிவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

டி-யில் இருப்பதைப் பேக்கப் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கின்றன, அது பழுதானால் இரண்டும் போகும். முக்கியமானவற்றுக்கு வெளியே ஒரு நகல் வேண்டும். பிரிக்கத் தொடங்கும் முன்பே அதை எடுத்துவிடுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால், அதைத் திறக்கும் ரெக்கவரி கீயையும் குறித்து வையுங்கள்.

அளவு என்று கேட்டால், 1 டிபி-யில் சி-க்கு 250 ஜிபி வைப்பேன், பெரிய கேம்கள் விளையாடுபவர் என்றால் 400. மொத்தமே 256 ஜிபி உள்ள லேப்டாப் என்றால் பிரிக்கவே வேண்டாம், இடம் இரண்டு பக்கமும் போதாமல் போகும். ஓரத்தில் தெரியும் சின்ன ஈஎஃப்ஐ, ரெக்கவரி பார்ட்டிஷன்களைத் தொடாதீர்கள், விண்டோஸ் தொடங்கவும் பழுதானால் மீட்கவும் அவை வேண்டும்.

டிஸ்க் மேனேஜ்மென்டில் சி மீது ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். காலி இடம் நிறைய இருந்தும் கொஞ்சம்தான் குறைக்க முடியும் என்று சொன்னால், பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்துவது), ஹைபர்னேஷன் ஃபைல் (லேப்டாப்பை அணைக்கும்போது திறந்திருந்தவற்றைச் சேமிப்பது) போன்ற நகர்த்த முடியாதவை நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. ஹைபர்னேஷன், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் சிஸ்டம் ப்ரொடக்ஷன், பேஜ் ஃபைல் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள், பெரும்பாலும் வழி விடும். பிரித்து முடித்ததும் மூன்றையும் திரும்ப ஆன் செய்துவிடுங்கள்.