எலியேசரின் அடுப்பு

அன்புள்ள ஐயா,

மூன்று மாதங்களாக யூத மதம் பற்றி வாசித்து வருகிறேன். ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ், ரிஃபார்ம், ஹசிதிகள், காரைட்டுகள் என்று படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. இவற்றில் எது அசலான யூத மதம்? எபிரேய விவிலியத்தில் மயிலைக் குறிக்கும் 'துக்கி' நம் 'தோகை'தான் என்கிறார்களே, அது உண்மையா? எங்கள் வாசிப்புக் குழுவில் இதைப் பற்றிப் பேசியபோது ஒரு நண்பர் எதைச் சொன்னாலும் மறுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவரை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டோம். இப்போது குழு அமைதியாக நடக்கிறது.

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று மாதம் ஒரே பொருளை விடாமல் வாசிப்பவர்கள் அரிது. அதற்காக உங்கள்மீது எனக்குப் பிரியம் உண்டு. திட்டப் போவதும் அந்தப் பிரியத்தில்தான்.

தோகையை முதலில் முடித்துவிடுகிறேன். சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருட்களில் வரும் அந்தச் சொல் தமிழிலிருந்து போயிருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஒரு மக்களின் மூவாயிரம் ஆண்டு வாழ்வைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் நம் வீட்டு மயிலை மட்டும் தேடுவது எனக்கு உவப்பில்லை. உறவைத் தேடுகிறீர்கள் என்றால், ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அளித்த செப்பேட்டைப் பாருங்கள். பகல்விளக்கு, நடக்க விரிக்கும் பாவாடை, குடை உள்ளிட்ட 72 உரிமைகள், வட்டெழுத்தில்.

எது அசல் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. அதைத் தீர்ப்பது என் வேலையும் அல்ல. கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை எரித்தார்கள். பலிபீடம் போனபின் எஞ்சியவை வேதமும், அதற்குப் பொருள் சொல்ல உட்கார்ந்த ரபிகளும்தான். அவர்களுடைய பேச்சு 200 வாக்கில் மிஷ்னாவாகத் தொகுக்கப்பட்டது. அதன்மேல் பல தலைமுறைகள் வாதாடியது தல்மூத் ஆயிற்று. காரைட்டுகள் இந்த வாய்மொழி மரபை ஏற்பதில்லை. ஆர்த்தடாக்ஸ் தரப்பு, ஹசிதிகள் உட்பட, அதை விட்டுக்கொடுப்பதில்லை. 1818இல் ஹாம்பர்க்கில் ஆலயம் திறந்த சீர்திருத்தக்காரர்கள் வழிபாட்டையே காலத்துக்கேற்ப மாற்றினார்கள். கன்சர்வேட்டிவ் தரப்பு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. வேதத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டால் உங்கள் குழப்பத்தில் பாதி தீரும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது கடைசி இரண்டு வரிகள்தான்.

தல்மூதில் ஓர் அடுப்பைப் பற்றிய வழக்கு வருகிறது. களிமண் அடுப்பைத் துண்டுகளாக அறுத்து, இடையிடையே மணல் போட்டு அடுக்கியிருக்கிறார்கள். அதற்குத் தீட்டுப் படுமா? ரபி எலியேசர் படாது என்கிறார். மற்ற எல்லோரும் படும் என்கிறார்கள். எலியேசர் சொல்லாத வாதமில்லை, ஒருவரும் அசையவில்லை. "நான் சொல்வது சரியென்றால் இந்தக் கரோப் மரம் சாட்சி சொல்லட்டும்" என்கிறார். மரம் வேரோடு பெயர்ந்து நூறு முழம் தள்ளிப் போய் நிற்கிறது. மரத்தைக் கொண்டு நிறுவ முடியாது என்கிறார்கள். வாய்க்கால் எதிர்த்திசையில் ஓடுகிறது. பாடசாலைச் சுவர்கள் சாய்கின்றன. கடைசியில் வானத்திலிருந்தே குரல் வருகிறது, எலியேசர் சொல்வதே சரியென்று. ரபி யோசுவா எழுந்து நிற்கிறார். "அது வானத்தில் இல்லை" என்கிறார். வேதத்தை மனிதர் கையில் கொடுத்தாயிற்று, இனி பெரும்பான்மைதான் முடிவு செய்யும் என்பது பொருள். அதைக் கேட்டுக் கடவுள் சிரித்தாராம், என் பிள்ளைகள் என்னை வென்றுவிட்டார்கள் என்று.

எல்லோரும் இந்த இடத்தில் கைதட்டிவிட்டுக் கதையை மூடிவிடுகிறார்கள். தல்மூத் மூடவில்லை. அன்றே எலியேசர் தீட்டில்லை என்று சொன்ன பொருட்களையெல்லாம் கொண்டுவந்து எரித்தார்கள். பிறகு வாக்கெடுத்து அவரைச் சபைவிலக்குச் செய்தார்கள். செய்தியைச் சொல்ல ரபி அக்கிவா கறுப்புடுத்திப் போய், நான்கு முழம் தள்ளி உட்கார்ந்தார். "நண்பர்கள் உங்களை விட்டு விலகியிருப்பதாகத் தோன்றுகிறது" என்றார். எலியேசர் உடையைக் கிழித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதார். நீங்கள் எப்படித் தெரிவித்தீர்கள்? யாராவது அவர் வீட்டு வாசல்வரை போனீர்களா?

எலியேசர் சாகக் கிடந்தபோது பழைய தோழர்கள் வந்தார்கள். அப்போதும் நான்கு முழம் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார் கிழவர். பிறகு அவர்கள் தீட்டைப் பற்றியே கேள்விகள் கேட்டார்கள். கடைசிக் கேள்வி ஒரு செருப்பைப் பற்றி. "தீட்டில்லை" என்றார், உயிர் பிரிந்தது. உடனே எழுந்து நின்று சபைவிலக்கை நீக்கியவர் யார் தெரியுமா? அதே யோசுவா.

மிஷ்னாவின் முதல் வரியே ஒரு கேள்வி. மாலையில் 'இஸ்ரவேலே, கேள்' என்னும் ஜெபத்தை எப்போதிலிருந்து சொல்லலாம்? எதுவரை சொல்லலாம் என்பதிலும் உடனே வாதம்: இரவின் முதல் சாமம் முடியும்வரை என்று ஒருவர், நள்ளிரவுவரை என்று மற்றவர்கள், விடியும்வரை என்று ரபி கமாலியேல். அந்த முதல் கருத்து யாருடையது? எலியேசருடையது. தாங்கள் விலக்கிய மனிதரின் பெயரைத்தான் அந்தப் பெரிய நூலில் முதல் பெயராக எழுதி வைத்திருக்கிறார்கள். தோற்றவரின் கருத்தை ஏன் எழுத வேண்டும் என்று மிஷ்னாவே கேட்டு, விடையும் சொல்கிறது: பின்னால் வரும் ஒரு நீதிமன்றம் அதைச் சரியென்று கண்டால் அதன்மேல் ஊன்றி நிற்கலாம்.

இதை நான் சில வாரங்களாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முப்பது வருடங்களுக்கு முன் எங்கள் இலக்கியக் கூட்டத்துக்கு ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் வருவார். யார் என்ன படித்தாலும் எழுந்து மறுப்பார். எங்களுக்குச் சலித்துவிட்டது. கூட்டம் நடக்கும் தேதியை அவருக்குச் சொல்லாமல் விட்டோம், அவ்வளவுதான். தேதியை எல்லோருக்கும் அறிவித்தவன் நான். சென்ற மாதம் அவர் மகள் ஒரு நாற்பது பக்க நோட்டை அனுப்பியிருந்தார். அப்பா இறந்துவிட்டார், இது உங்களுக்கு என்று மேலே எழுதி வைத்திருந்தார் என்றார். என் முதல் தொகுப்பின் ஒரு கதைக்குப் பதினொரு மறுப்புகள், எண்ணிட்டு, பென்சிலில். ஏழு சரி. ஐந்தாவதைப் படித்துவிட்டு அன்று இரவு நான் தூங்கவில்லை. அந்தக் கதை நான்கு பதிப்பு கண்டு, ஏழு பிழைகளோடும் அச்சில் இருக்கிறது.

தல்மூதில் வரும் ரபி யோகனானுக்கும் இதுவே நேர்ந்தது. அவர் தோழர் ரேஷ் லாகிஷ் அவரோடு மனம் கசந்து இறந்துபோனார். துக்கத்தில் இருந்தவரைத் தேற்ற ஓர் இளைஞரை அனுப்பினார்கள். யோகனான் எதைச் சொன்னாலும் அதற்கு ஆதாரம் இருக்கிறது என்றார் இளைஞர். யோகனான் வெடித்தார். லாகிஷ் இருந்தால் நான் சொல்வதற்கு 24 மறுப்புகள் சொல்வான், நான் 24 பதில்கள் சொல்வேன், அதில் பொருள் விரியும்; நான் சொல்வது சரியென்று எனக்குத் தெரியாதா, அதைச் சொல்லவா நீ வந்தாய் என்று. பிறகு தெருவில் லாகிஷின் பெயரைக் கூவிக்கொண்டே அலைந்து புத்தி பேதலித்துப் போனார்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். உங்கள் குழப்பம் இருக்கிறது, குழுவின் அமைதி இருக்கிறது. உங்கள் நண்பர் என்ன சொல்லி மறுத்தார் என்று ஒரு வரிகூட இல்லை. அதை அவரிடமே கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள்.