புது டயர் போட்டதும் வண்டி இடப்பக்கம் இழுக்கிறதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்குக் கோத்தகிரி பக்கம். சொந்தமாக ஒரு பிக்-அப் வைத்து கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறேன். போன மாதம் முன் டயர் இரண்டும் தேய்ந்துபோனதால் புதிதாக மாற்றினேன். மலையில் ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு காரமடை ரோட்டில் 50, 60-ல் போனால் வண்டி தானாக இடப்பக்கம் ஒதுங்குகிறது. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் பிடித்தபடியே ஓட்டுவதில் தோள் வலிக்கிறது. சக்கரங்களின் கோணம் சரியா என்று அலைன்மென்ட் இரண்டு தடவை பார்த்தாயிற்று, 'எல்லாம் பச்சையில இருக்கு', அதாவது அளவுக்குள் இருக்கிறது என்கிறார்கள். டயர் கடையில் கேட்டால் 'புது டயர்ல என்ன கோளாறு வரும், சஸ்பென்ஷனைப் பாருங்க' என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?

பதில்: மூன்றாவது தடவை அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள் தம்பி. முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள், இடது வலதாகவும் வலது இடதாகவும், வேறு எதையும் தொடாமல் அதே காரமடை ரோட்டில் அதே வேகத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். இழுப்பு வலப்பக்கம் மாறினால் கோளாறு டயரில். இடப்பக்கமே இழுத்தால் பெரும்பாலும் கோளாறு வண்டியில். இழுப்பே போய்விட்டால், டயரின் இழுப்பும் வண்டியிலிருக்கும் ஒரு சின்ன இழுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டுகின்றன என்று அர்த்தம். அப்படியே ஓட்டலாம், தேய்மானத்தை மட்டும் அடிக்கடி பாருங்கள்.

புது டயரில் என்ன வரும் என்று கேட்டார்களே, வரும். எனக்கே வந்தது. சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டு வேனுக்கு டயர் மாற்றிய பிறகு இதே கதைதான். கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில் டை ராடு எண்டு மாற்றினார்கள், அடுத்த இடத்தில் லோயர் ஆர்ம் புஷ் மாற்றினார்கள், வண்டி அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் குன்னூரில் பஞ்சர் கடை வைத்திருந்த ஒரு பெரியவர்தான் விஷயத்தைச் சொன்னார். அவர் வாயால்கூட அதிகம் சொல்லவில்லை. டீ குடித்து முடித்த கண்ணாடி கிளாஸைப் பெஞ்சின் மேல் படுக்க வைத்து விரலால் ஒரு தட்டு தட்டினார். வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்கிற கிளாஸ் நேராகவா உருளும்? அரைவட்டம் போட்டுத் திரும்பி அவர் கைக்கே வந்தது. "டயரும் இப்படித்தாங்க, கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

அதுதான் உண்மை. ரேடியல் டயருக்குள், பட்டனுக்கு (ரோட்டைத் தொடும் வரிப்பகுதிக்கு) அடியில், ஸ்டீல் பெல்ட் இருக்கிறது. தயாரிக்கும்போது அது நடுவிலிருந்து கொஞ்சம் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துவிட்டால், காற்று அடித்து பாரம் ஏறிய பிறகு டயர் லேசான கூம்பு மாதிரி உருள ஆரம்பித்துவிடும். சாதாரண பேலன்சிங் மிஷின் எடையைப் பார்க்கும், அலைன்மென்ட் மிஷின் கோணத்தைப் பார்க்கும். இந்தக் கூம்புத்தன்மை இரண்டுக்குமே தெரியாது. அதனால்தான் உங்களுக்கு எல்லாம் பச்சையில் இருந்தும் வண்டி இழுக்கிறது. அங்கே யாரும் பொய் சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை, அவரவர் மிஷின் காட்டியதைச் சொல்லியிருக்கிறார்கள்.

டயர்தான் என்று தெரிந்ததும் இரண்டில் எது என்று கண்டுபிடிக்க, ஒன்றைப் பின்னால் அனுப்பி, அதே சைஸில் இருக்கிற பின் டயர் ஒன்றை முன்னால் கொண்டுவந்து ஓட்டிப் பாருங்கள். ஒரு டயர் பின்னால் போனதும் இழுப்பு அடங்கினால் அதுதான் ஆள். அதை ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டினால் இழுக்கும் திசையும் திரும்பும், அதனால் சில சமயம் அதிலேயே தீர்ந்துவிடும். பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறியோ, இது வெளிப்பக்கம் என்ற குறியோ இருக்கும் டயரை மட்டும் இப்படித் திருப்பக்கூடாது, அம்புக்குறி உள்ளதை இடம் வலம் மாற்றவும் கூடாது. பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்த டயரை எங்கே மாற்றினீர்கள், வண்டி எந்தப் பக்கம் இழுத்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், வாங்கிய கடையில் மாற்றித் தரச்சொல்லிப் பேச நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்.

சரி, இதெல்லாம் செய்வதற்கு முன்னால் காற்று. அதிகாலையில், வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது, நான்கையும் ஒரே கேஜில் பாருங்கள். காற்று குறைந்த டயர் இருக்கும் பக்கம்தான் வண்டி போகும். முன் டயர் இரண்டும் ஒரே சைஸ், ஒரே பட்டன், ஒரே பிளை ரேட்டிங்கா (பாரம் தாங்கும் பலத்தின் குறி) என்றும் பாருங்கள், கடையில் அவசரத்தில் மாறிப் போட்டுவிடுவதுண்டு. ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் ஸ்டீல் பெல்ட் இல்லாத நைலான் டயர் என்று போட்டிருந்தால் இழுப்பு மட்டும் பிரச்சினை இல்லை, அது ஆபத்து, அந்த வண்டியை மலையில் இறக்கவே கூடாது.

இன்னொன்று ரோடு. நம் ரோடுகள் மழைத் தண்ணீர் வடிய நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும், இடப்பக்கமாகவே ஓட்டுகிற நமக்கு எந்த வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கத்தான் செய்யும். போகும்போதும் வரும்போதும் ஓட்டிப் பார்த்தாலும் இரண்டு தடவையும் இடப்பக்கமே சரிவதால் இது புரியாமல் போய்விடுகிறது. ஆள் நடமாட்டமில்லாத விடியற்காலையில், முன்னும் பின்னும் வண்டி இல்லாதபோது, அகலமான சமமான இடத்தில் பாருங்கள். அதற்காக மசினகுடி, தெப்பக்காடு ரோடு நேராக இருக்கிறதே என்று அங்கே போகாதீர்கள். புலிகள் காப்பகத்துக்குள் வண்டியை நிறுத்தக்கூடாது, எந்த நேரத்தில் எந்த விலங்கு குறுக்கே வரும் என்றும் சொல்ல முடியாது.

மலையில் ஏன் தெரியவில்லை என்றால், கொண்டை ஊசி வளைவும் அதற்கு நடுவில் சின்ன வளைவுமாக ஸ்டீயரிங் ஒரு நிமிடம்கூட நேராக நிற்பதில்லை, இழுப்பு அந்தத் திருப்பலுக்குள் கரைந்துவிடுகிறது. தெரியவில்லை என்பதால் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மூட்டம் இறங்கி பத்தடி தெரியாத நேரத்தில், பாரத்தோடு, ஈரமான ரோட்டில் இறங்கும்போது கை அசந்த ஒரு நொடியில் அது தன் வேலையைக் காட்டும். இதைக் கண்டுபிடிக்கும்வரை சரக்கைக் குறைத்து ஏற்றுங்கள்.

டயரை இடம் மாற்றியும் இடப்பக்கமே இழுத்தால் அடுத்து பிரேக்கைப் பாருங்கள். இதற்கு நம் மலையே நல்ல சோதனைச்சாலை. இறக்கத்தில் வந்து நின்றால் எல்லா டிரம்மும் டிஸ்க்கும் சுடும், ஒன்றும் புரியாது. ஏற்றத்தில் வாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி, பிரேக்கை முடிந்தவரை தொடாமல் வந்து ஒரு சமமான இடத்தில் நிறுத்தி, முன் சக்கரம் இரண்டின் அருகிலும் புறங்கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். இடது மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தாலும் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

பிரேக்கும் சரியென்றால் வண்டியின் உயரத்தை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் வண்டியின் பாரத்தைத் தாங்கும் டார்ஷன் பாரோ ஸ்பிரிங் பட்டையோ தொய்ந்திருக்கும். பின்னால் பட்டையை ஆக்சிலின் மேல் இடம் மாறாமல் வைத்திருக்கும் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு ஆக்சில் நகர்ந்திருந்தாலும் முன்னால் இழுப்பதுபோலத்தான் தெரியும். அலைன்மென்ட் தாளை எடுத்து காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு), கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது) வரிகளை மட்டும் படியுங்கள்: இரண்டும் பச்சையிலேயே இருந்தாலும், இடது வலது வித்தியாசம் அதிகமானால் இழுக்கும். டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, மட்டும் தப்பாக இருந்தால் வண்டி இழுக்காது, டயரைத்தான் தின்னும். பழைய டயரை இன்னும் தூக்கிப் போடவில்லையென்றால் அதன் பட்டன் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழவென்றும் திரும்பி வரும்போது ரம்பப்பல் மாதிரி முள்ளாகவும் இருந்தால், உங்கள் வண்டியில் டோ ரொம்ப நாளாகவே சரியில்லை.

டயரை நீங்களே கழற்றுவதாக இருந்தால் சரிவான வாசலில் ஜாக்கி போடாதீர்கள். சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்த பிறகு தூக்குங்கள். ஸ்டெப்னியை இடையில் மாட்டிக்கொண்டால் ஒரே ஜாக்கியில் வேலை முடிந்துவிடும். நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை முறுக்குங்கள்.

கேள்வி: நைட்ரஜன் அடித்தால் இழுப்பு சரியாகும் என்கிறார்களே? மலைக்கு ஏறினால் காற்று தானாகக் கூடும் என்பதும் உண்மையா? (வாசகர், குன்னூர்)

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருந்தால் உள்ளே எது இருந்தாலும் இழுப்புக்கு அதனால் மாற்றமில்லை. உயரத்தைப் பற்றிச் சொன்னது உண்மை, ஆனால் பாதிதான். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி வெயிலில் 50 பாயிண்ட் (PSI) அடித்துவிட்டு 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டிக்குப் போனால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் ஏறத்தாழ 3 பாயிண்ட் கூடும். அங்கே 15 டிகிரி குளிரென்றால் அதனால் ஏறத்தாழ 4 குறையும். கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிடும், அதுவும் நான்கு டயருக்கும் ஒன்றுபோலவே. தப்பு நடப்பது வேறு இடத்தில்: மலை இறங்கி வந்த சூட்டோடு பெட்ரோல் பங்கில் ஒரு டயரை மட்டும் பார்த்து, கூடியிருக்கிறது என்று காற்றை இறக்கிவிடுவார்கள். மறுநாள் காலை ஆறியதும் அந்த டயர் மட்டும் குறைந்திருக்கும், வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். காலையில் வண்டியை எடுக்கும் முன்பே, வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுங்கள்.